வேலை இருந்தது, துறை இல்லை: சென்னை நூலகச் சங்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை நியமித்தது. அந்த ஒரு பதவிக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 900. விண்ணப்பித்தவர்களில் ஒருவர்கூட முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் இல்லை. தேர்வானவரும் அப்படித்தான். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை எடுத்து, நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். நூலகவியலில் அவருடைய படிப்பு அவ்வளவுதான். ஆய்வுப் பின்னணி உள்ளவர் வேண்டும் என்று தேர்வுக்குழு எதிர்பார்த்தது. கணிதத்தில் அவர் எழுதியிருந்த சில கட்டுரைகள் அதற்குப் போதுமானதாக இருந்தன.

சேர்ந்த சில வாரங்களிலேயே அவருக்கு வேலை அலுத்துவிட்டது. மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு, நாள் முழுக்கப் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. சம்பளம் ஆசிரியர் வேலையைவிட நன்றாகவே இருந்தும், பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று போய்க் கேட்டார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். லண்டன் போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வருவது. திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித ஆசிரியர் இடம் அவருக்கே.

நூலகத் துறையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஒரு மேதையின் வாழ்க்கையில் நடந்த சுவையான சம்பவமாகத்தான் அதைச் சொல்லி வருகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி நூலகராக இருந்த பிறகு எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அன்றைக்கு நூலகர் என்று ஒரு வேலை இருந்தது. அதற்கு நல்ல சம்பளமும் இருந்தது. அந்த வேலைக்குப் போகப் படிக்கவேண்டிய படிப்பு இல்லை, படிப்பிக்க ஆள் இல்லை, பாடநூல் இல்லை, ஒரு சந்தேகம் வந்தால் கேட்கச் சக நூலகர் இல்லை. வேலை இருந்தது, துறை இல்லை. அலுப்புக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் துறை எப்படி உருவானது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தனி மனிதரின் திறமையால் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் 1928 முதல் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் ஒரு சங்கத்தின் பெயர் நிற்கிறது.

சங்கத்துக்கு முன்

1924 செப்டம்பரில் கப்பல் ஏறிய ரங்கநாதன், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த வழிகாட்டி, குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகர் டபிள்யூ.சி.பெர்விக் சேயர்ஸ். வகுப்போடு நிற்காமல் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். புத்தகம் பூட்டி வைக்கும் பொருள் இல்லை, ஊரே புழங்க வேண்டிய பொருள் என்பதை நேரில் கண்டது அப்போதுதான்.

செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்ததும் அந்தப் பயணத்தில்தான். துளையிட்ட தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளைக் கோத்து ஒரு முறை பாரம் தூக்கி செய்கிறார்கள், பிரித்து மறுமுறை வண்டி செய்கிறார்கள். ஒரு நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டியபடி கோத்து, நூலின் பொருளைக் காட்டும் வகை எண்ணை அமைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. திருகாணியின் இடத்தில், ஆங்கிலத்தில் கோலன் எனப்படும் முக்காற்புள்ளியை வைத்தார். கோலன் பகுப்பு முறை என்ற பெயர் அந்தப் புள்ளியால் வந்தது. 1925இல் ஊர் திரும்பியவர் பிறகு கணிதப் பக்கம் போகவில்லை.

ஆனால் ஒருவர் லண்டனில் படித்து வந்ததால் ஒரு மாகாணத்தில் துறை உருவாகிவிடாது. அதற்கு முன்பே இந்தியாவில் இரண்டு முயற்சிகள் நடந்திருந்தன. பரோடாவில் மன்னர் மூன்றாம் சயாஜிராவ், அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற நூலகரை அழைத்து வந்தார். 1911இல் அங்கே பயிற்சி வகுப்பு தொடங்கியது. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் இன்னொரு அமெரிக்கரான ஆசா டான் டிக்கின்சனை அழைத்தது; 1915இல் வகுப்பு நடந்தது. ஒன்றில் மன்னரின் விருப்பம், மற்றதில் பல்கலைக்கழகத்தின் முடிவு. இரண்டுமே மதிக்கவேண்டிய முயற்சிகள். இரண்டும் மேலிருந்து வந்தவை, வெளியிலிருந்து வந்த வல்லுநரை நம்பியவை. சென்னையில் நடந்தது வேறு மாதிரி.

1928: நூலகர்கள் இல்லாத நூலகச் சங்கம்

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ‘மாலா’ என்பார்கள். ரங்கநாதன் செயலாளர். அந்தப் பொறுப்பில் 1945 வரை இருந்தார். தலைவர் வழக்கறிஞர் கே.வி.கிருஷ்ணசாமி ஐயர்.

தலைவர் ஒரு வழக்கறிஞர் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் தொழில்முறைச் சங்கம் என்றால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கூடுவது என்று புரிந்துகொள்கிறோம். 1928இல் சென்னையில் கூடுவதற்கு அத்தனை நூலகர்கள் ஏது? ஆகவே வழக்கறிஞர்கள், கல்வியாளர்கள், பொதுவாழ்வில் இருந்த பெரிய மனிதர்கள் சேர்ந்தார்கள். நூலகர்களை உருவாக்குவதற்காக, நூலகர் அல்லாதவர்கள் கூடிய சங்கம் அது. இது பலவீனம் போலத் தோன்றும். நடந்ததைப் பார்த்தால், சட்டசபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிற வழி தெரிந்தவர்கள் சங்கத்தில் இருந்ததே அதன் பெரிய பலம்.

அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில்தான் ரங்கநாதன் தன் ஐந்து விதிகளை முதன்முதலாகப் பொதுவில் விளக்கினார். நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமி. நூலகம் ஒரு வளரும் உயிரி. இவற்றை விரித்து எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகள் என்ற நூல் 1931இல் வந்தது. பி.எஸ்.சிவசாமி ஐயர் முன்னுரை, பெர்விக் சேயர்ஸ் அறிமுகவுரை. வெளியிட்டது சங்கம்.

தொடர்ந்து வந்தவற்றையும் சொல்கிறேன். 1933இல் கோலன் பகுப்பு. 1934இல் பட்டியல் தயாரிப்புக்கான விதித்தொகுப்பு. 1935இல் நூலக நிர்வாகம். 1937இல் பகுப்பியல் கோட்பாடு. எல்லாமே சங்கத்தின் வெளியீடுகள். தலைப்புப் பக்கத்தில் சென்னை நூலகச் சங்கத்தின் பெயரும், லண்டன் புத்தக வியாபாரி எட்வர்ட் கோல்ட்ஸ்டன் பெயரும் சேர்ந்து இருக்கும். படிக்கப்போகிறவர்களே இன்னும் உருவாகாத ஒரு துறையின் பாடநூல்களை லாப நோக்கில் யார் அச்சிடுவார்கள்? சங்கம் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது. சேயர்ஸின் எழுத்தும் லண்டன் விலாசமும் இருந்ததால், சென்னையில் அச்சான புத்தகம் கடல் கடந்தும் படிக்கப்பட்டது.

இந்த நூல்களில் எனக்கு நெருக்கமானது முதல் விதிக்கான பகுதி. ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதை அவர் எதற்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறார் பாருங்கள். அப்படியானால் நூலகம் ஊருக்குள் இருக்க வேண்டும். வாசகர் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்க வேண்டும். எட்டாத உயரத்தில் அலமாரி இருக்கக்கூடாது. கடைசியாக நூலகப் பணியாளரிடம் வருகிறார். அவருக்குப் புலமை வேண்டும், தொழிற்பயிற்சி வேண்டும், அதற்கேற்ற ஊதியமும் மதிப்பும் வேண்டும். ஊதியக் கோரிக்கையை வாசகரின் உரிமையிலிருந்து பிறக்கிற ஒன்றாக அவர் காட்டுகிறார். நூலகருக்குச் சம்பளம் குறைந்தால் நஷ்டம் வாசகருக்கு. சங்கம் நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளியைக் கைமாற்றியது

1929 கோடையில் சங்கம் ஒரு நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1931இல், பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. 1937இல் அது பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டு டிப்ளமோ ஆனது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னேற்பாடும் பின்விளைவும். ஒரு சங்கம் தான் தொடங்கிய பள்ளியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளத்தான் பார்க்கும். கட்டணம் வரும், பெயர் வரும், ‘நம்ம பசங்க’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டம் சேரும். மாலா அதைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. கொடுத்ததால் என்ன ஆயிற்று? சங்கம் தரும் சான்றிதழ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நியமன விதியில் அதை ஏறவைப்பது கஷ்டம். பல்கலைக்கழகச் சான்றிதழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கணிதம் படித்தவர் கணிதப் பட்டதாரி ஆவது போல, நூலகவியல் படித்தவருக்கும் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு தாள் கிடைத்தது. அன்றிலிருந்து நூலகர் பதவிக்குத் தகுதி என்று ஒன்றை எழுதி வைக்க முடிந்தது.

பயிற்சி பெற வந்தவர்கள் கோட்பாட்டை மட்டும் கற்கவில்லை. பக்கத்திலேயே ஒரு பெரிய நூலகம் அந்த விதிகளின்படி நடந்துகொண்டிருந்தது. 1936இல் பல்கலைக்கழக நூலகம் கடற்கரைச் சாலையில் தனக்கென்று கட்டிய கட்டடத்துக்குப் போனது. அங்கே வாசகர் தானே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிப்பந்தி கொண்டுவரும்வரை காத்திருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று இன்றைய மாணவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ரங்கநாதன் காலை முதல் இரவு வரை, வாரம் ஏழு நாளும் அங்கேதான் இருந்தார் என்பார்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். பின்னால் வந்த நூலகர்களிடம் அதையே எதிர்பார்ப்பதை ஏற்கவில்லை.

சட்டமன்றம் வரை

பொது நூலகச் சட்டம் கல்லூரி நூலகர்களின் விஷயம் இல்லை என்றாலும், சங்கத்தின் கதையில் அதைத் தாண்டிப் போக முடியாது. 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். 1933இல் பஷீர் அகமது சையது சென்னைச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 1948இல், தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கலாம் என்று ஆனதால், நூலகம் அரசின் தயவை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. காசி மாநாட்டிலிருந்து இதற்குப் பதினெட்டு வருடம்.

குறை எங்கே

இத்தனையும் சொன்ன பிறகு, இந்த நிகழ்வின் குறையையும் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் செயலாளர் ரங்கநாதன். சங்கம் வெளியிட்ட முக்கிய நூல்களின் ஆசிரியர் ரங்கநாதன். பள்ளியை நடத்தியவர் ரங்கநாதன். வேலை கொடுக்கும் பெரிய நூலகத்தின் தலைவரும் ரங்கநாதன். இருபது ஆண்டுகள் எல்லாக் கயிறும் ஒரே முளையில் கட்டியிருந்தன.

அவர் சென்னையை விட்டுப் போன பிறகு நடந்தது இதைக் காட்டுகிறது. 1945இல், டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். ஐம்பது வயதைக் கடந்தவர், சுமார் ஒரு லட்சம் நூல்களைத் தனி ஆளாக உட்கார்ந்து வகைப்படுத்திப் பட்டியலிட்டார். இதை அவருடைய உழைப்புக்குச் சான்றாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். கோடை வகுப்பில் தொடங்கி ஒரு தலைமுறையையே பயிற்றுவித்த மனிதர், காசியில் பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லாமல் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எண் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊதியக் கேள்விக்குப் பதில்

1933இல் கல்கத்தாவில் இந்திய நூலகச் சங்கம் பிறந்தது. 1944 முதல் 1953 வரை அதற்கும் ரங்கநாதன்தான் தலைவர். ஆராய்ச்சி நிறுவனங்களின் நூலகர்களுக்காக 1955இல் அதே கல்கத்தாவில் ஐயாஸ்லிக் என்ற சங்கம் வந்தது. ஆனால் கல்லூரி நூலகரின் பைக்குள் பணமாக வந்து சேர்ந்தது வேறொரு வழியில். பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் நூலகக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் ரங்கநாதன். 1959இல் வெளியான அதன் அறிக்கை, நூலகருக்குப் பேராசிரியருக்கு இணையான ஊதியமும், துணை நூலகருக்கு ரீடருக்கு (இன்றைய இணைப் பேராசிரியருக்கு) இணையாகவும், உதவி நூலகருக்கு விரிவுரையாளருக்கு இணையாகவும் வேண்டும் என்றது. 1931இல் முதல் விதிக்குக் கீழே எழுதியது, மானியக் குழு அமைத்த குழுவின் பரிந்துரையாக மறுபடி வந்தது.

இன்றைய நிலை அந்தப் பரிந்துரையின் வழிவந்தது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் கல்லூரி நூலகரும் உதவி நூலகரும் உதவிப் பேராசிரியரைப் போலவே ஊதிய நிலை 10இல் இருக்கிறார்கள். தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். நூலகவியலுக்கும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு இருக்கிறது. 900 பேர் விண்ணப்பித்து ஒருவருக்கும் தகுதி இல்லாதிருந்த இடத்திலிருந்து இவ்வளவு தூரம்.

சரி, அது காகிதத்தில். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். நூலகவியலில் முதுகலை, நெட் தேர்ச்சி. நியமன ஆணையை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். ஒரே பக்கம். ‘நூலக உதவியாளர்’ என்று பதவி, தொகுப்பூதியம் என்று ஒரு தொகை, ‘நிர்வாகம் அவ்வப்போது இடும் பிற பணிகள்’ என்று ஒரு வரி. நூலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஆய்வுக் குழு வரும்போது பதிவேட்டில் அவர்தான் நூலகர். தேர்வு நடக்கிற மாதம் முழுக்க மேற்பார்வைப் பணி, அந்த நாட்களில் நூலகத்துக்குப் பூட்டு.

“சங்கத்துல சேரச் சொல்றாங்க சார். சேர்ந்தா எனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டார்.

நேர்மையான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் கூட்டங்களில் மலர் வெளியிடுகிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், பதவி உயர்வு மதிப்பெண்ணுக்கு உதவும் கருத்தரங்கு நடத்துகிறோம், ஆகஸ்ட் 12இல் தேசிய நூலகர் தினத்துக்கு ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். ஏற்கெனவே நிலை 10இல் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இவை பயன்படுகின்றன. அவருடைய ஆணையிலிருக்கும் அந்த ஒரு வரியை மாற்ற இவற்றில் எதுவும் உதவாது.

அந்த உரையாடலுக்கு அப்புறம்தான் மாலாவின் கதையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். அந்தச் சங்கம் துறைக்குள் ஏற்கெனவே இருந்தவர்களின் நலனுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. வாசலுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவர வகுப்பு நடத்தியது. கோரிக்கையை எழுத்தில் வைத்தது. மேடைப் பேச்சோடு விடவில்லை. எழுதியதை முடிவெடுக்கிறவர் மேசை வரைக்கும் கொண்டுபோனது. அரசு நிறுவனங்களில் இப்போது ஆய்விதழ்ச் சந்தா பேரம்கூட நூலகர் கையில் இல்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை மத்திய அளவில் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆய்வு மாணவர்களுக்கு நல்ல திட்டம். ஆனால், ‘எல்லாம் கணினியில் வருதே, நூலகர் எதுக்கு?’ என்று கேட்கும் நிர்வாகிக்கு இனி யார் பதில் சொல்வது? அந்தக் கல்லூரியில் தனியாக இருக்கும் ஒரு நூலக உதவியாளரால் முடியாது.

எங்கள் மாவட்டக் கல்லூரி நூலகர்களின் அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லூரியிலும் நூலகப் பொறுப்பில் இருப்பவரின் நியமன ஆணையில் என்ன பதவிப் பெயர், என்ன தகுதி, என்ன ஊதியம், என்ன பிற பணி என்று எழுதியிருக்கிறது என்பதைப் பெயர் போடாமல் ஒரே அட்டவணையாகத் தொகுப்பது. பக்கத்திலேயே மானியக் குழு விதிமுறை என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு பத்தி. அட்டவணையின் முதல் வரியை அந்தப் பெண்ணே நிரப்பிக் கொடுத்துவிட்டார்.